வாப்பாவின் ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஒரு சொல்

விலாப்புறம் வலிக்கிறது என்று சென்ற மாதம் வாப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். சிறுநீரகக் கல் இல்லை என்று எழுதியிருந்த அதே தாளில் ‘ரீனல் சைனஸ் லிப்போமட்டோசிஸ்’ என்றும் இருந்தது. அது கட்டியின் பெயர் என்று எண்ணி, கீழக்கரை வீட்டில் உம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அது கட்டியன்று. சிறுநீரகத்தைச் சுற்றிலும், இரத்தக் குழாய்கள் நுழையும் அதன் நடுக்குழிவிலும் எல்லோருக்கும் கொழுப்பு உண்டு; மெத்தையைப் போல உறுப்பைத் தாங்குவதும் அதுவே. உடல் பருமன், முதுமை, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றால் அந்த நடுக்குழிவில் அது அளவுக்கு மீறிச் சேர்வதற்கே இந்தப் பெயர்.

அல்ட்ராசவுண்டில் இக்கொழுப்பு பெரும்பாலும் வெண்மையாகத் தெரியும். சிலருக்கு மங்கலாகத் தெரிந்து, நீர் தேங்கிய வீக்கமோ கட்டியோ என்ற ஐயத்தை எழுப்பிவிடும். அதனால் இராமநாதபுரத்தில் சி.டி. எடுத்தோம். சி.டி.யில் ஒவ்வொரு திசுவின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு ஏறக்குறைய -100. எண் குறையக் குறையப் படத்தில் கருமையாகத் தெரியும். வாப்பாவின் படத்தில் கொழுப்பின் கருமை குழாய்களுக்கிடையே சீராகப் பரவியிருந்ததை மருத்துவர் திரையில் காட்டி, அதனூடே தடித்த தடுப்புகளோ திரண்ட பகுதியோ இருந்தால்தான் லைப்போசார்கோமா என்னும் புற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

இதை அறுத்தெடுப்பதில்லை, ஏன் சேர்ந்தது என்றுதான் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கென்று ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, ஓராண்டுக்கு மேல் வாப்பா விழுங்கிவந்த மாத்திரை ஸ்டீராய்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன், மருத்துவர் தடுத்தார். நெடுநாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்த உடலில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டிருக்கும் என்பதால், திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இதே மாத்திரையை இங்கே வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மற்றபடி எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் உம்மா குறைத்துவிட்டார். தொதல் என்னும் இனிப்பு பெருநாளைக்கு மட்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பஜ்ரு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் வாப்பா இப்போது கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். நானும் உடன் போகிறேன்.