ஒவ்வாமையை அளக்கிறோமா, உடைந்த சிவப்பணுவையா?

ஒவ்வாமையைக் காட்டும் குறியாக ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்என்ஏவை அளந்து பார்க்கிறார்கள். மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்கு. தானாகப் புரதம் எதையும் ஆக்காது. புரதம் ஆக்கப் போகும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘மிர்’ என்று தொடங்கும் பெயர் உண்டு. ஒவ்வாமையில் அதிகம் பேசப்படுவது மிர்-21. இன்டர்லூக்கின்-12 என்ற எதிர்ப்பாற்றல் சமிக்ஞைப் புரதத்தின் பி35 பகுதியை அது அடக்குவதால், கிருமிகளை எதிர்க்கும் டிஎச்1 வகைச் செல்கள் தளர்ந்து, ஒவ்வாமையைத் தூண்டும் டிஎச்2 வகை ஓங்குகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதே மிர்-21 பல புற்றுநோய்களிலும் அதிகமாகும். அதை மட்டும் வைத்து ‘இது ஆஸ்துமா’ என்று சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை ரத்தம் எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. சிவப்பணு உடைந்தால் மிர்-451ஏ, மிர்-16 இரண்டும் பிளாஸ்மாவில் கொட்டும். கண்ணுக்குச் சிவப்பு தெரியாத மாதிரியிலும் இது நடக்கும். மிர்-23ஏயை இது பாதிப்பதில்லை. பிசிஆர் என்பது ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை; அளவு அதிகமானால் குறைந்த சுழற்சியிலேயே தெரியும். எனவே மிர்-23ஏயின் பிசிஆர் சுழற்சி எண்ணிலிருந்து மிர்-451ஏயின் எண்ணைக் கழித்துப் பாருங்கள். 5க்குள் இருந்தால் நிம்மதி. 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடலாம். ஒரு சுழற்சி என்றால் இரு மடங்கு. 7 சுழற்சி 128 மடங்கு.

ஹெப்பாரின் குழாய் வேண்டவே வேண்டாம், பிசிஆர் நொதியை அது முடக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 2,500 ஜி விசையில் 15 நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி, பிளாஸ்மாவை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை அதேபோல். இரண்டாவது சுற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் தட்டணுக்கள் உறையவைக்கும்போது உடைந்து மிர்-223, மிர்-126 இரண்டையும் வெளியே விடும். அப்புறம் அவையே ‘ஒவ்வாமைக் குறி’ ஆகிவிடும்! சீரமும் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் நீர்) பிளாஸ்மாவும் ஒரே ஆய்வில் கலக்கக் கூடாது என்பதற்கும் தட்டணுக்களே காரணம்; உறையும்போது அவை தம் ஆர்என்ஏவை வெளியே விடும்.

ஒப்பீட்டு அளவுகோலாக யு6 என்ற செல்லின் சிறு ஆர்என்ஏவை எடுப்பது பழைய பழக்கம். செல்லுக்குள் சரி, சீரத்தில் அது நிலையாக இருப்பதில்லை. வெளியிலிருந்து தெரிந்த அளவில் சேர்க்கும், சி. எலிகன்ஸ் என்ற புழுவின் மிர்-39 நல்லது. ஆனால் செல்லுடைக்கும் கரைசல் ஊற்றிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் பிளாஸ்மாவிலுள்ள ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவை வெட்டும் நொதி) நொடியில் தின்றுவிடும்.

சிகிச்சைப் பலனைக் கணிப்பதில் இன்னொரு பொறி. ஸ்டீராய்டு கொடுத்தால் வெள்ளணு வகைகளில் ஈசினோபில் குறையும், நியூட்ரோபில் கூடும். மைக்ரோ ஆர்என்ஏ மாறியது போலத் தெரிவது பாதி நேரம் இந்த அணுக் கணக்கின் மாற்றம்தான். ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் ஒவ்வாமைத் தடுப்பூசிச் சிகிச்சை வழக்கமாக 3 ஆண்டுகளாவது நீளும். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் குறி கிடைத்தால் பெரிய உதவி. அதைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு மாதிரியோடும் அதே நாளின் வெள்ளணு வகை எண்ணிக்கை, கடைசி ஸ்டீராய்டின் அளவு, எடுத்த நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.