மிட்செல் மலைப் பாசிக்கு அடியில்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில் இருந்து ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மிட்செல் மலைக்குப் போய்விடலாம். 6,684 அடி உயரம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் இதைவிடப் பெரிய சிகரம் கிடையாது. காரை நிறுத்திய கூட்டம் உச்சி மேடைக்குப் போக, நான் பாசிக்கு அடியில் வாழும் ஒரு சின்னஞ்சிறு சிலந்தியின் இருப்பிடத்தைப் பார்க்க, ஃபர் என்ற ஊசியிலை மரங்களுக்குள் நுழைந்தேன்.

1923-இல் இந்த மலையில் பிடித்த அந்தச் சிலந்திகளை வைத்துத்தான் கிராஸ்பி, பிஷப் என்ற இரு ஆய்வாளர்கள் 1925-இல் 'மைக்ரோஹெக்சூரா' என்ற புதிய பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பை) அறிவித்தார்கள். வளர்ந்த சிலந்தியே எள்ளளவுதான், நாலு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் சொந்தம் டாரன்டுலா என்ற பெரிய, ரோமம் அடர்ந்த சிலந்தி வகையறாவோடு! வீட்டுச் சிலந்தியின் நச்சுப்பற்கள் எதிரெதிராக வந்து மூடும். இதற்கோ இரண்டும் இணையாக மேலிருந்து கீழே இறங்கும். வயிற்றடியில் புத்தக நுரையீரலும் (புத்தகத் தாள்கள் போல அடுக்கிய மூச்சுறுப்பு) இரண்டு ஜோடி. இத்தனை சின்ன உடம்பில் இதையெல்லாம் பிரித்துப் பார்த்தவர்களின் பொறுமையை என்னவென்று சொல்வது!

உயிரின வகைப்பாட்டில் இதன் குடும்பம் எது என்பது மட்டும் லேசில் தீரவில்லை. நெடுங்காலம் டிப்ளூரிடே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டபிறகு 2020-இல்தான் தனிக் குடும்பம் ஆனது. பேரினத்தில் இருப்பதே இரண்டு இனங்கள். இன்னொன்று வசிப்பது கண்டத்தின் மறுகோடியில், ஓரிகன், வாஷிங்டன், இடாஹோ பக்கத்து மலைக்காடுகளில். இடையில் எங்கேயும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

நிழல் விழுந்த ஒரு பாறையருகே உட்கார்ந்து பார்த்தேன். பாசி மெத்தென்று படர்ந்திருந்தது. தொட்டால் விரலில் ஈரம் படும், சொட்டாது. அந்தப் பதம்தான் இந்தச் சிலந்திக்கு வேண்டும். காய்ந்தால் செத்துப்போகும்; தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. பாசிக்கும் பாறைக்கும் நடுவே குழாய் குழாயாக வலை பின்னி வாழும். பாசியை நான் தூக்கிப் பார்க்கவில்லை. 1995 முதல் இது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் அமெரிக்க அரசுப் பட்டியலில் இருக்கிறது. பாசியைப் பெயர்த்தால் அதன் வீடே போய்விடும்.

சுற்றிலும் பட்டுப்போன ஃப்ரேசர் ஃபர் மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சாறுண்ணிப் பூச்சி 1950-களில் இங்கே தொற்றி, பெரிய மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்க, பாசி காய்ந்து உதிர்கிறது. கன்றுகள் முளைத்து வருகின்றன என்பது பெரிய ஆறுதல்.

போகிறவர்கள் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பால்சம் நேச்சர் ட்ரெயில் என்ற நடைபாதையில் நடந்து பாருங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம். படம் எடுக்கப் பாசிப்பாறை மேல் தயவுசெய்து ஏறாதீர்கள்.