மயில் மாணிக்கம்: இரண்டாவது வருடம் ஒருவழியாகக் கயிறு ஏறிவிட்டது

இன்று காலை ஆறரைக்கு மொட்டை மாடிக்குப் போனால் மயில் மாணிக்கக் கொடியில் ஏழு பூ. போன கோடை முழுவதும் சேர்த்துப் பூத்ததே நான்குதான். ரத்தச் சிவப்பில் ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி மகரந்தம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி 20 அன்று விதை போட்டேன், இன்றைக்கு 64ஆவது நாள்.

மண் கலவை எல்லோரும் போடுவதுதான், 12 அங்குலத் தொட்டி. ஒன்று மட்டும் மாற்றினேன்: மண்புழு உரத்தைப் பாதியாகக் குறைத்தேன். போன வருடம் அள்ளிப் போட்டதில் இலை மட்டும் பச்சைப் பசேலென்று வந்து, பூ அவ்வளவாக வைக்கவில்லை.

முளைப்பும் சிக்கலாகத்தான் இருந்தது. போன தடவை 12 விதையை அப்படியே ஊன்றி, இரண்டுதான் முளைத்தது. ஓடு அவ்வளவு கெட்டி. இந்த முறை விதையின் கண் (காயோடு ஒட்டியிருந்த தழும்பு) இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, மறுமுனையில் நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். 15இல் 13 முளைத்தது, அதுவும் ஐந்தே நாளில். முளைத்ததும் வரும் இரண்டு இலையும் கரிச்சான் குருவி வால் போலப் பிளந்து நிற்கும். நாற்றைப் பிடுங்கி நட்டால் இதற்குப் பிடிக்காது, நேரே தொட்டியிலேயே ஊன்றிவிடுங்கள்.

சரி, இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே கயிற்றைப் பற்றிச் சொல்லத்தான்.

முக்கால் அடி வளர்ந்ததும் நுனியைக் கையால் எடுத்துக் கயிற்றில் சுற்றிவிட்டேன். மறுநாள் காலையில் பிரிந்து கீழே கிடந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி பிரிந்தது. மூன்றாம் நாள் நூலால் கட்டியே வைத்தேன். கட்டுக்கு மேலே வளர்ந்த பகுதி எதிர்ப்பக்கமாகத் திரும்பி அந்தரத்தில் ஆடியது. போன வருடம் இந்த இடத்தில்தான் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். 9 மணிக்கு நுனி மேற்கே பார்த்தது. அரை மணி கழித்துத் தெற்கே. பத்தைத் தாண்டியதும் கிழக்கே, 11க்குள் சுற்றி வந்து மறுபடி மேற்கே. மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நான் இத்தனை நாளும் கடிகார முள் போகிற பக்கமே சுற்றிவிட்டிருக்கிறேன்! எதிரே நின்று பார்த்தால் கொடி இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலாகச் சாய்ந்து ஏற வேண்டும். அப்படி ஒரே ஒரு சுற்றுக் கொடுத்தேன், மறுநாள் அதுவே இன்னும் இரண்டு சுற்றுப் போட்டிருந்தது. வீட்டில் அவரையும் காராமணியும் போட்டிருந்தால் போய்ப் பாருங்கள், அவையும் இதே பக்கம்தான் சுற்றும். வள்ளிக்கிழங்கு இனத்தில் மட்டும் சில இப்படி, சில அப்படி.

அடுத்தது எந்தக் கயிறு என்பது. நைலான் வேண்டவே வேண்டாம். வழவழவென்று இருப்பதால், கொஞ்சம் காற்றடித்ததும் ஏறிய கொடி மொத்தமும் சரிந்து அடியில் குவிந்துவிட்டது. கம்பி சித்திரை வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. இரண்டு அங்குல பிவிசி குழாயையும் நட்டுப் பார்த்தேன், இந்த மெல்லிய தண்டு அவ்வளவு பருமனைச் சுற்றி வளைக்கவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற சணல்தான். அதன் சிலும்பலில் தண்டு கச்சிதமாகப் பிடித்துக்கொள்கிறது. மழையில் மக்கிப்போகுமே என்று கேட்பீர்கள். மக்கட்டும், ஒரு வருடக் கொடிதானே. காய்ந்ததும் கயிற்றோடு அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம்.

விதை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் ஒருவரிடம் மூன்று நிறக் கலவை என்று வாங்கினேன், வந்ததெல்லாம் சிவப்பு. வெள்ளையும் இளஞ்சிவப்பும் இருக்கத்தான் செய்கின்றன. அடுத்த முறை தோட்டம் போடுகிறவர்களிடமே கேட்டு வாங்கப் போகிறேன். என்னிடம் சிவப்பு நிறைய மிஞ்சும். ஒரு காயில் நான்கு விதை, பழுப்பானதும் உடனே பறித்துவிட வேண்டும். விட்டால் வெடித்துப் பக்கத்துத் தொட்டி எல்லாவற்றிலும் முளைக்கும், அக்கம்பக்கத்துக் காட்டிலும் பரவும்.

பூ மதியத்துக்குள் சுருண்டுவிடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருத்தம். எனக்கு அதுவே போதும். ஏழு மணிக்கு ஊதாத் தேன்சிட்டு ஒன்று வந்து, சணலைப் பிடித்துத் தொங்கியபடி ஒவ்வொரு பூவாக மூக்கை விடுகிறது. கையில் காபியோடு நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன், அது பறக்கவே இல்லை.

இன்னும் மேல் வரிசைக் கயிறு கட்டவில்லை, கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையில் என்ன பாடு படுத்தும் என்று தெரியும், அதற்குள் கட்டியாக வேண்டும். அதற்கு நடுவே முடக்கத்தான் விதை பத்து ஊறப் போட்டிருக்கிறேன். கறுப்பு விதையில் வெள்ளையாக இதயம் வரைந்தது போல இருக்குமே, அதேதான். அது பற்றுக்கம்பியால், அதாவது தண்டிலிருந்து நூல் போல நீண்டு சுருளும் உறுப்பால், பிடித்து ஏறுகிற ஜாதி. இதே சணல் அதற்கும் ஒத்துவருமா, குறுக்கே வலை கட்ட வேண்டியிருக்குமா என்று முளைத்ததும் பார்த்து எழுதுகிறேன்.