எம்.எஸ்சி. கணிதம்: சேரும் முன்பே யோசிக்க வேண்டியவை

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்தில் எம்.எஸ்சி. கணிதம் சேரும் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: முடித்துவிட்டு பி.எட்., அப்புறம் டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு. நல்ல வழிதான். ஆனால் டி.ஆர்.பி., நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வுக்குமான தேசியத் தகுதித் தேர்வு), ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் படிக்கிற விதம் வேறு. எது என்பதை முதல் செமஸ்டரிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஆசையென்றால் இன்னும் முன்பே விழித்துக்கொள்ள வேண்டும். அதற்கான நுழைவுத் தேர்வான ஜாம் பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பமோ அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில் முடிந்துவிடும். அதாவது பி.எஸ்சி. ஐந்தாம் செமஸ்டர். நம் பக்கத்தில் பலருக்குத் தேர்வின் பெயர் காதில் விழுவதே ஆறாம் செமஸ்டரில்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கணிதத்துக்கான நெட், சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 95, மூன்றாம் பகுதியில் இருக்கிறது: 60 கேள்வியில் 20-க்கு விடை, ஒன்றுக்கு 4.75. இந்தப் பகுதியில் நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆனால் ஒரே கேள்வியில் பல விடைகள் சரியாக இருக்கலாம். ஒன்று விட்டாலும் சுழிதான். நோட்ஸில் உள்ள நிரூபணத்தை மனப்பாடம் செய்து செமஸ்டரில் 80 வாங்கியவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

ஒரு உதாரணம். எக்ஸின் என்-ஆவது அடுக்கு என்ற சார்பு வரிசை, 0 முதல் 1 வரை. என் பெருகப் பெருக, 1-இல் எல்லை (லிமிட்) 1, மற்ற இடமெல்லாம் 0. எல்லைச் சார்பு தொடர்ச்சியாக இல்லை, அதனால் யூனிஃபார்ம் கன்வர்ஜன்ஸ் (எல்லாப் புள்ளியிலும் ஒருசேர எல்லையை நெருங்குவது) இல்லை. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 1-ஐ மட்டும் நீக்கிவிட்டால்? எல்லை இப்போது எங்கும் 0, தொடர்ச்சியானது. உடனே ‘யூனிஃபார்ம்’ என்று டிக் அடிப்பார்கள். தப்பு. பாதிக்கும் கீழே இறங்க 0.9-க்கு 7 அடுக்கு போதும்; 0.99-க்கு 69, 0.999-க்கு 693. எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ‘என்’னுக்கு ஒரே மதிப்பு கிடைக்காது. 0 முதல் 0.5 வரை என்றால் கிடைக்கும். ஒவ்வொரு தேற்றத்துக்கும், நிபந்தனையில் ஒன்றை எடுத்தால் எங்கே உடைகிறது என்று இப்படி ஒரு உதாரணமாவது கையால் போட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். வழிகாட்டி நூல் பத்து வாங்குவதைவிட இது உதவும்.

டி.ஆர்.பி. முதுகலை ஆசிரியர் தேர்வில் 150-க்கு பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. தமிழ்த் தகுதித் தாளில் தேறாவிட்டால் மற்றது எவ்வளவு எழுதியும் பயனில்லை. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பதால், பி.சி.ஏ. முடித்துவிட்டு கணிதத்துக்கு மாறுகிறவர்கள் கட்டணம் கட்டும் முன்பே யோசிக்கட்டும். கல்லூரி வேலைக்கு பி.எட். எதற்கும் ஆகாது; நெட், செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி. வேண்டும்.

புள்ளியியலை நம் ஆட்கள் ஏனோ ஒதுக்குகிறார்கள். மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரைக்கு வரும் மீன் எவ்வளவு என்று மதிப்பிடுவதே மாதிரி எடுப்பு (சாம்ப்ளிங்) என்ற புள்ளியியல் முறையில்தான். எந்த இறங்குதளம், எந்த நாள், எத்தனை படகு என்பதையெல்லாம் அதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுத, பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதுகலையே அதில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. மார்க் ஷீட்டை எடுத்து அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐ.டி. பக்கம் போகிறவர்கள் பைத்தான், எஸ்.கியூ.எல். இரண்டையும் இரண்டாம் செமஸ்டரிலேயே தொடங்கலாம். வளைகுடாப் பள்ளிகளில் கணக்கு டீச்சராகப் போக நினைப்பவர்கள் பி.எட். முடித்து, சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கும் (சான்றிதழ் உண்மையானது என்று அதிகாரபூர்வமாக உறுதிசெய்து வாங்குவது) சேர்த்தே நாள் ஒதுக்குங்கள். அசல் பட்டச் சான்றிதழ் கைக்கு வராமல் அந்த வேலை நகராது.