60க்கு 40

ஏப்ரல் 2

ஏற்காட்டு வீட்டுச் சாவியை 30ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மிளகு காயப்போடுகிற பாயின் ஓரத்தைப் பால்கனியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். இங்கே சேலம் கோரிமேட்டில் மூன்றாவது மாடியில் யார் மிளகு காயப்போடப் போகிறார்கள்?

ஏப்ரல் 4

ஹால் சுவரை அளந்தேன். 9 அடி 2 அங்குலம். சோபாவுக்கு மேல் 5 அடி அகலத்துக்கு ஒரு படம் தாராளமாக நிற்கும். படம் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. போன வருஷம் முதல் மழை பெய்து ஒன்பதாம் நாள் விடிகாலையில் வராந்தாவில் நின்று எடுத்தது. காப்பிச் செடி முழுக்க வெள்ளைப் பூ. சில்வர் ஓக் மரங்களின் மேல்பாதியைப் பனி விழுங்கியிருக்கும்.

அம்மா: "அஞ்சடியா? கல்யாண மண்டபத்து வாசல்ல வைக்கற பேனரா அது? அந்தச் செவுத்துல முருகர் மாட்டணும்னு இருக்கேன்."

ஏப்ரல் 5

பிரிண்ட் போடும் கடைக்குப் போனேன். படம் 6000 புள்ளி (பிக்சல்) அகலம், 4000 உயரம். 60க்கு 40 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் வரும். கடைத் தம்பி உதட்டைப் பிதுக்கினார். "முந்நூறு இருந்தாத்தான்க்கா நல்லாருக்கும்." ஆல்பத்துக்குச் சரி, அது கையில் பிடித்துப் பார்ப்பது. ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிற கண்ணுக்கு 50 புள்ளியே போதும். மூன்றடிக்கு வந்தால்தான் 100 தேவைப்படும். (அப்பா மூக்கு ஒட்டத்தான் பார்ப்பார். அதற்கு என்ன செய்ய.)

அப்புறம் தம்பி கேட்டார், "ஓரத்துல ஒரு கை வருதுக்கா. வெட்டிடலாமா?"

பெரிதாக்கிக் காட்டினார். இடது கோடியில், தூணை ஒட்டி, ஒரு முழங்கை. மடித்துவிட்ட காக்கிச் சட்டை. கையில் டம்ளர். ஒரு வருஷமாக இந்தப் படம்தான் என் போன் திரையில் இருக்கிறது. போன் நெட்டு வாக்கில் இருப்பதால் இரண்டு ஓரமும் மறைந்துபோயிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

வெட்ட வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 6

அப்பா முதல் பஸ்ஸில் மேலே போய்விட்டார். "பாக்கிச் சாமான் இருக்குது." மாலை திரும்பும்போது கையில் ஒரு கொடுவாள். அவ்வளவுதான் பாக்கி.

ஏப்ரல் 8

எதன்மேல் ஒட்டுவது என்பதில் மூன்று நாளாகத் தூக்கமில்லை. கேன்வாஸ் என்றால் எல்லாருக்கும் பிடிக்கிறது. துணியின் நெசவு படத்தில் உள்ள பொரிப்பொரியை மறைத்துவிடும், கண்ணாடி வேண்டாம், கனமும் இல்லை. ஆனால் கட்டையைச் சுற்றி மடித்து அடிப்பார்கள். பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் மடிப்புக்குப் போகும். கை இருப்பது சரியாக அந்த இரண்டு அங்குலத்தில்தான். பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அப்பா. வேண்டாம்.

சாதா ஃப்ரேம் போட்டால்? கட்டையின் உள்விளிம்பு சுற்றிலும் கால் அங்குலம் தின்னும். அதோடு 4 மில்லிமீட்டர் கண்ணாடி இந்த அளவுக்கு 15 கிலோ வருகிறது. நடுச்சாமத்தில் சோபாமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

எம்டிஎஃப், மரநாரை அழுத்திச் செய்கிற பலகை, ஈரம் பட்டால் ஊதிவிடும். சன்போர்டு, அந்த லேசான நுரைப் பிளாஸ்டிக் பலகை, மலிவு. ஏசிபி, அதாவது கடை முகப்புகளில் அடிக்கிறார்களே அந்த ஷீட்: இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக், மொத்தம் 3 மில்லிமீட்டர். வளையாது, ஊதாது, ஆறு கிலோவுக்குள் அடங்கும். விளிம்போடு விளிம்பாக வெட்டலாம். அம்மாவிடம் சொன்னேன். "ஓ, கடை போர்டு."

கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பிளாஸ்டிக், அந்த அக்ரிலிக்கை மட்டும் மனசு விடவில்லை. படத்தின் முகத்திலேயே பசையால் அக்ரிலிக்கை ஒட்டிவிடுகிறார்கள், நடுவில் காற்றே கிடையாது. கறுப்பு அப்படியே கிணறு மாதிரி ஆழமாக இருக்கிறது. ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி என்ற ஜெர்மன்காரர் ரைன் ஆற்றை எடுத்த படம் இப்படி ஒட்டியதுதான். 2011இல் 43 லட்சம் டாலருக்குப் போனது. அப்பாவிடம் சொன்னபோது முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஆத்தையே வாங்கியிருக்கலாமே."

ஏப்ரல் 11

அட்டைப்பெட்டியிலிருந்து அம்மா அப்பா கல்யாண போட்டோ வெளியே வந்தது. ஏற்காட்டு ஈரம் அதை அப்படியே கண்ணாடியோடு ஒட்ட வைத்துவிட்டிருக்கிறது. அம்மாவின் மாலைப் பக்கம் பளபளவென்று ஒரு திட்டு. நடுவில் மவுண்ட் அட்டையோ சின்ன இடைவெளியோ விட்டிருந்தால் தப்பித்திருக்கும். பின்னால் இருந்த சாதா அட்டை பழுப்பேறிப் பொடிகிறது.

பிரிக்கப் பார்த்தால் முகமும் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா சுவரில் மாட்டிய நாளிலிருந்து அதைக் கழற்றியதே இல்லையாம். அதில் என்ன பெருமை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி. அப்பா பால்கனியிலேயே சாப்பிட்டார், மலையைப் பார்த்தபடி.

ஏப்ரல் 16

கடையிலிருந்து இரண்டடி அக்ரிலிக் துண்டு ஒன்று இரவல் வாங்கிவந்தேன். பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, நாலு மணிக்கு அந்தச் சுவரில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன் அம்மாவை. சோபாவுக்கு எதிரே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

பால்கனி முழுக்கத் தெரிந்தது. கம்பி, கொடியில் அம்மாவின் நைட்டி, அதற்குப் பின்னால் சேர்வராயன் மலை. படத்தின்மேல் மலை. எந்நேரமும் அதுதான் தெரியும்.

"கை வலிக்குது சாமி, எறக்கட்டுமா?"

அக்ரிலிக் இல்லை.

ஏப்ரல் 17

அக்ரிலிக்கில் கறுப்பு என்ன கறுப்பு!

ஏப்ரல் 19

எட்டங்குலப் பட்டை ஒன்று சோதனைக்குப் போட்டு வாங்கினேன், இடது ஓரம். முழு அளவில் வெட்டிய துண்டு, சின்னதாக்கியது இல்லை. பனி ரோஸ் நிறத்தில் வந்திருக்கிறது. கடை டியூப்லைட்டில் சரியாக இருந்தது, வீட்டு மஞ்சள் பல்பில் ரோஸ். சாம்பல்தான் இருப்பதிலேயே கஷ்டமான நிறம் என்று தம்பி சொல்கிறார். இங்க் கொஞ்சம் சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துவோம் என்று வாசலுக்கே வந்தார். நல்ல பையன். இருவரும் தெருவில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், தட்டுவடை செட் சாப்பிட்டபடி.

மேலே மேட் லேமினேஷன், பளபளக்காத உறை. கறுப்பு சற்று வெளுக்கும். வெளுக்கட்டும்.

ஏப்ரல் 20

பால்கனியில் வைத்திருந்த சன்போர்டு மாதிரித் துண்டு வெயிலில் அப்பளமாக வளைந்துவிட்டது. சேலம் சித்திரை. நான் எதுவும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அம்மாவே "கடை போர்டே போடு" என்றாள்.

ஏப்ரல் 22

பட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் நினைத்தபடியே, மூக்கு ஒட்டப் பார்த்தார்.

"இந்த மரம் ஐப்பசில சாஞ்சுருச்சு."

"செரிப்பா."

"இந்தாண்ட செடிக்கு நெழல் பத்தாது இப்ப."

ரொம்ப நேரம் கழித்து, "யாரு பாப்பா, டம்ளரோட?"

அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள். "உங்க பித்தளை டம்ளர்தான். மேலயே மறந்துட்டு வந்துட்டீங்கல்ல."

ஏப்ரல் 23

அப்பா முதல் பஸ்.

ஏப்ரல் 24

டம்ளர் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 26

ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. ஏசிபி, மேட், சுற்றிலும் ஃப்ளோட் ஃப்ரேம். விளிம்புக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அரை அங்குலச் சந்து, படத்தின்மேல் எதுவும் ஏறாது. "ட்ரிம்மிங்குல ரெண்டு மில்லிமீட்டர் போகும்க்கா." அதை வலது பக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எழுதியும் கொடுத்தேன். பேனாவால் அடிக்கோடும் போட்டேன்.

அப்பா இன்றைக்கும் போனார். 20 கொண்டை ஊசி வளைவு, ஏறவும் இறங்கவும். வாந்தி எடுத்தாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 28

அந்தத் தம்பி லீவாம். வெட்டப்போவது வேறு ஆள். போனில் இரண்டு தடவை சொன்னேன். "தெரியும் மேடம்." என்ன தெரியும்?

ஏப்ரல் 29

சுவரில் துளை போட்டாகிவிட்டது. சரிவாக வெட்டிய கட்டை ஒன்று சுவரில், எதிர்க்கட்டை படத்தின் பின்னால், ஒன்றில் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். கீழ் மூலைகளுக்கு ரப்பர் பொட்டு, பின்னால் காற்று ஓட வேண்டுமல்லவா. அப்பா ரசமட்டம் பிடித்தார். நான் கேட்கவில்லை, அவராக வந்தார். குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை.

முருகர் பூஜை அலமாரிக்குப் போனார். அம்மா என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 30

சாவி கொடுக்க அப்பா மேலே. நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றார். மணி ஐந்தே முக்கால். போன் போகவில்லை, மேலே மழையோ என்னவோ, பால்கனியிலிருந்து மலை தெரியவே இல்லை.

வண்டி கீழே நிற்கிறது. லிஃப்டில் நுழையவில்லை, படியில் தூக்கி வருகிறார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் "மெதுவா, மெதுவா" என்று சத்தம் கேட்கிறது. எந்த ஓரம் கீழே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்