வேரில் ஒரு சிவப்பு, நுனியில் ஒரு சிவப்பு

போன மாதம் பழுதுபார்க்க என்னிடம் வந்த ஒரு பழைய கம்பளத்தைக் கழுவுவதற்கு முன், வழக்கம்போல ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பார்த்தேன். துணி முழுக்கச் சிவப்பு. படிகாரத்தால் பிடிக்கவைத்து ஏற்றிய மஞ்சிட்டி வேர்ச் சாயம் கெட்டிச் சாயம்; இவ்வளவு சுலபமாகக் கையில் வராது. பூதக்கண்ணாடியை வைத்ததும் விஷயம் புரிந்தது. ரோமம் தேய்ந்து அடியிலிருக்கும் பாவு நூல் வெள்ளையாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் யாரோ மார்க்கர் பேனாவால் தீட்டியிருக்கிறார்கள். மை, ரோமமாக நிற்கும் பக்கத்து முடிச்சுகளிலும் ஊறி, ஒரு பூவின் விளிம்பையே கரைத்துவிட்டிருந்தது. மனசு வலித்தது.

கம்பளத்துக்கு வண்ணம் பூசுவது புதிதல்ல. 1920களில் ஈரானின் சாருக் கம்பளங்கள் அமெரிக்காவுக்கு நிறையப் போயின. அங்கே ஆழ்ந்த சிவப்புதான் விற்றது. அதனால் ரசாயனத்தில் அலசி முதல் நிறத்தை மட்டுப்படுத்திவிட்டு, மேலே தூரிகையால் கருஞ்சிவப்பைப் பூசினார்கள். அப்படிப்பட்ட கம்பளத்தைத் திருப்பிப் போட்டால், பின்பக்கத்தில் அந்தப் பழைய ரோஜா நிறம் இன்றைக்கும் தெரியும்.

என் வழி வேறு. பழைய கம்பளி மேல் நான் சாயம் தொடுவதில்லை. புது நூலுக்குச் சாயம் போட்டு, போன முடிச்சுக்குப் பதில் புது முடிச்சு போடுகிறேன். பிடிக்காவிட்டால் பின்னால் வருகிறவர் அதைப் பிரித்து எடுத்துவிடலாம். பூசின சாயத்தை அப்படி எடுக்க முடியாது.

சரி, எந்த நிறத்துக்குப் பொருத்துவது? ஒரு முடிச்சை விரலால் பிளந்து பாருங்கள். அடியில், அதாவது முடிச்சின் வேரில், நிறம் நெய்த அன்று இருந்ததுபோல் பளிச்சென்று இருக்கும். நுனியில் வெயிலும் காலடியும் பட்டு வெளுத்திருக்கும். 1856க்குப் பிறகு வந்த ஆரம்பகால செயற்கைச் சாயங்கள் சிலவற்றில் இது இன்னும் மோசம்: வேர் நல்ல ஊதாவாக இருக்கும், நுனி வெறும் சாம்பல். தொழில் பழகிய புதிதில் வேர்தான் உண்மை என்று நம்பி, அதற்குப் பொருத்தி நான்கு விரல் அகலம் முடிச்சுப் போட்டேன். கத்தரித்து முடித்ததும் சுற்றியிருந்த மங்கலுக்கு நடுவே அது புதுக் காயம்போலத் தெரிந்தது. முழுவதையும் பிரித்தேன். அன்றிலிருந்து நுனிக்குத்தான் பொருத்துகிறேன்.

அதிலும் ஒரே தொட்டியில் முக்கி எடுத்த நூல் போதாது. கையால் சாயமேற்றிய நூல் தொட்டிக்குத் தொட்டி மாறும்; அதனால் பழைய கம்பளத்தின் சிவப்பு பட்டை பட்டையாக ஏறி இறங்கும். இதை அப்ராஷ் என்பார்கள். எனக்கு அது குறையே இல்லை, கம்பளத்தின் மூச்சு. அதனால் நெருங்கின நான்கைந்து சிவப்புகளைச் சாயமேற்றி வைத்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை மாற்றிக் கோப்பேன். நூல் ஈரமாக இருக்கும்போது எதையும் முடிவு செய்வதில்லை. ஈரக் கம்பளி எப்போதும் ஒரு படி கறுத்துத்தான் தெரியும். காய்ந்த பிறகு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, கம்பளத்தின் இரண்டு தலைப்பிலிருந்தும் பார்க்க வேண்டும். ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒரு தலைப்பிலிருந்து வெளிறியும் மறு தலைப்பிலிருந்து ஆழ்ந்தும் தெரியும். அப்புறம் விளக்கொளியிலும் ஒரு முறை. ஜன்னலோரம் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்புகள் பல்பு வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்துவிடுவது உண்டு.

"அந்தக் கறுப்பையும் நிரப்பிக் கொடுங்களேன், பள்ளமாக இருக்கிறதே" என்று கேட்டார் கம்பளத்துக்குச் சொந்தக்கார அம்மா. "அது சேதமில்லைம்மா, வயசு" என்றேன். கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இரும்பு சேர்த்துச் சாயமேற்றுவார்கள். அந்த இரும்பு கம்பளியை மெல்ல மெல்ல அரிக்கும். கறுப்பு பள்ளமாகி, மற்ற நிறங்கள் செதுக்கினதுபோல் எழுந்து நிற்கும். பாவு தெரியாதவரை அதில் நான் கை வைப்பதில்லை.

நிறம் பொருந்த இன்னொரு சுலபமான வழி உண்டு: வேறொரு பழைய கம்பளத்திலிருந்து எடுப்பது. ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று ஆண்டு நெய்யப்பட்ட அர்தபில் கம்பளம் லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஜோடியை அறுத்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். கரையை இழந்த அந்த ஜோடி இப்போது லாஸ் ஏஞ்சலஸில். எனக்கு அந்த வழியில் மனம் ஒப்பவில்லை.

மார்க்கர் மையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி, ஒற்றுத் தாளில் இறக்க ஒன்பது நாள் ஆயிற்று. பாவு நூலில் லேசான ரோஜா நிறம் தங்கிவிட்டது. அதற்கு மேல் தேய்த்தால் நூல் தாங்காது என்று விட்டுவிட்டேன். கரைந்த பூவின் விளிம்புக்கு மட்டும் புது முடிச்சுகள் போட்டேன். பின்பக்கத்தைப் படமெடுத்து, எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை என் கை பட்டது என்று ஒரு தாளில் எழுதி, கம்பளத்தோடு சேர்த்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.