குருமான் ஆலயத்து மண் தரை

போன ஈஸ்டருக்கு 4 நாள் லீவு சேந்தாப்ல கெடச்சுது, டர்பன் பீச்சுக்கு போலாம்னு நான் சொல்ல, என் வீட்டுக்காரர் இவங்க குருமான் தான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. ஜோகன்னஸ்பர்க் வந்ததுலருந்து இதே பாட்டு தான். சண்டே ஸ்கூல் காலத்துலருந்து இவங்களுக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன்னா உசுரு, அவரு மேரி மாஃபட்கிட்ட கல்யாணத்துக்கு கேட்ட பாதாம் மரம் அங்க தான் நின்னுச்சாம், அத பாத்தே ஆகணுமாம். சரின்னு புளிசாதமும் உருளக்கெழங்கும் கட்டிகிட்டு சனிக்கெழம விடியக்காலம் 4 மணிக்கு கெளம்பிட்டோம்.

500 கிலோமீட்டருக்கு மேல வரும். டெலரேவில் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவுல டயர் பஞ்சர். வெயில்ல நின்னு நான் மூஞ்ச தூக்கி வச்சிருக்க, இவங்க ஜாக்கிய சுத்திகிட்டே "கேப்டவுன்லருந்து அந்த மேரியோட அப்பா மாஃபட் ஐயா மாட்டு வண்டியில வர மாசக்கணக்கு ஆகும் தெரியுமா"ன்னாங்க. அப்ப எனக்கு எரிச்சலா தான் வந்துச்சு.

குருமான் கலஹாரி ஓரத்துல இருக்கு, சுத்தி முள்ளுமரமும் காஞ்ச புல்லும் தான், ஆனா ஊருக்கு நடுவுல பாறையிலருந்து ஒரு ஊத்து, தினம் ஏறக்குறைய 2 கோடி லிட்டர் தண்ணி வருதுங்க. அந்த ஊத்துக்கு பேரு தான் "கண்". கண்ணாடி மாதிரி தண்ணி, உள்ள மீன் ஓடுறது தெரியுது. மிஷன் எடம் அங்கருந்து ஒரு 5 கிலோமீட்டர். இந்த தண்ணிய நம்பி தான் 1824ல மிஷனரி ராபர்ட் மாஃபட்டும் அவரு மனைவி மேரியும் அங்க வந்து உக்காந்தாங்க. (அம்மா பேரும் மேரி, லிவிங்ஸ்டன கட்டுன மூத்த மக பேரும் மேரி, கொழப்பிக்காதீங்க, நான் சொல்லப்போறது அம்மாவ பத்தி.)

ராபர்ட் ஸ்காட்லாந்துக்காரர், தோட்ட வேல பாத்தவரு, மேரி அவரு வேல பாத்த நர்சரி மொதலாளியோட மக. வீட்ல சம்மதிக்கல, அவரு 1816ல தனியா கப்பலேறிட்டாரு. மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு தானும் கப்பலேறி வந்து கேப்டவுன்ல 1819 டிசம்பர்ல கல்யாணம்.

ஆலயத்துக்குள்ள போனதும் இவங்க மேல கூரைய பாக்குறாங்க, நான் கீழ தரைய பாக்குறேன். கல்லு சுவரு, புல்லு கூரை, 800 பேரு உக்காரலாம், உத்தரத்துக்கு மரம் 350 கிலோமீட்டர் தள்ளியிருந்து மாட்டு வண்டியில வந்துச்சு, அதான் 1831ல ஆரம்பிச்ச வேல முடிய 1838 ஆயிடுச்சு. எனக்கு அதெல்லாம் அப்புறம். தரை மண் தரை. குனிஞ்சு கைய வச்சேன், சில்லுன்னு இருந்துச்சு, எங்க ஆச்சி வீட்டு திண்ண ஞாபகம் வந்துருச்சு. மேரி அம்மா ஊருக்கு எழுதுன லெட்டர்ல ஒரு விஷயம் இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டு தரைய எல்லாம் சாணி போட்டு மெழுகுறோம், மொதல்ல அருவருப்பா இருந்துச்சு, இப்ப தூசியும் அடங்குது தெள்ளுப்பூச்சியும் சாகுதுன்னு. சொன்னா நம்ப மாட்டீங்க, ஆச்சி இதே தான் சொல்லும்.

அப்படி மெழுகி, வாய்க்கா தண்ணிக்கு சண்ட போட்டு, மழ வரலன்னா அதுக்கும் மாஃபட் குடும்பத்து மேல தான் பழின்னு கேட்டுகிட்டு இருந்தும், வருஷக்கணக்கா ஒருத்தர் கூட ஞானஸ்நானம் எடுக்கல. அந்த நேரத்துல இங்கிலாந்துல இருந்த ஒரு சிநேகிதி என்ன வேணும், அனுப்புறேன்னு கேட்டிருக்காங்க. நானா இருந்தா சோப்பு, துணி, புள்ளைங்களுக்கு மருந்துன்னு பெரிய லிஸ்டே போட்டிருப்பேன். இந்தம்மா இராப்போஜனத்துக்கு பாத்திரம் அனுப்புங்க, ஒரு நாள் வேணும்னு எழுதிட்டாங்க. எடுக்க ஒரு ஆள் இல்லாத ஊருக்கு! அது கடல் தாண்டி வண்டி ஏறி வந்து சேர்றதுக்குள்ள வருஷம் ஓடிருச்சு, 1829ல ஆறு பேரு ஞானஸ்நானம் எடுத்து மொத இராப்போஜனத்துக்கு ரெடி ஆகுறப்ப சரியா அந்தப் பொட்டி வந்து எறங்கிருக்கு. இத அந்த பெஞ்சுல உக்காந்து இவங்க சொன்னப்ப எனக்கு தொண்ட அடச்சிருச்சு, கொஞ்ச நேரம் ஜெபம் கூட வரல, சும்மா உக்காந்திருந்தேன்.

அங்க அச்சு மெஷின் ஒண்ணு இருக்கு, கனத்த இரும்பு, 1831ல கொண்டு வந்தது. அதுல தான் 1857ல அந்த சனங்க பேசுற செட்ஸ்வானா மொழியில வேதாகமம் முழுசா அச்சடிச்சாங்க. அதுக்கு முன்னாடி புதிய ஏற்பாட்ட அச்சடிக்க மாஃபட் குடும்பம் லண்டன் போனப்ப, கப்பல் ஏறுன கையோட ஒரு பொண்ணு பொறந்து, அடுத்த சில நாள்ல 6 வயசு பையன் எறந்துட்டான். அந்த பக்கத்த இவங்க வேகமா சொல்லிட்டு நிறுத்திட்டாங்க, நானும் மேல கேக்கல.

அங்க பெருக்கிகிட்டிருந்த வயசான அம்மா ஒருத்தவங்க "டுமேலா மா"ன்னாங்க, செட்ஸ்வானாவுல வணக்கம்மான்னு அர்த்தம், நானும் சொன்னேன். தரைய தொட்டு காமிச்சு எங்க ஊர்லயும் இப்படி தான்னு இங்கிலீஷ்ல சொன்னதும் சிரிச்சு என் கைய புடிச்சுகிட்டாங்க.

திரும்புறப்ப வண்டி வ்ரைபர்க் தாண்டிருச்சு, அப்ப தான் இவங்க "பாதாம் மரத்துகிட்ட என்ன நிக்க வச்சு எடுத்தியே, அத அண்ணனுக்கு அனுப்பு"ன்னாங்க. அந்த மரமும் இப்ப வெறும் அடிக்கட்ட தான். போன தொறந்து பாக்குறேன், தரை மட்டும் 11 போட்டோ இருக்கு.